மலையகத்தில் குடியிலிருந்து மீள்வோருக்கான கூட்டங்களைத் தேடிச் சேர்வது: ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவில் கேட்கும் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒருவர் குடிக்கிறார் என்பது எவருக்கும் இரகசியமில்லை. ஆனால் அவர் குடியை விடப் பார்க்கிறார் என்பது மட்டும் வெளியே தெரியக்கூடாது என்று அவரே விரும்புகிறார். விட்டுவிட்டு மறுபடியும் குடித்தால் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் நாலு பேர் சிரிப்பார்கள் என்ற பயமே அதற்குக் காரணம். மீட்சிக் கூட்டங்களுக்குப் போக நினைக்கும் இலங்கை மலையகத்தவரைத் தடுப்பவற்றுள் இந்தச் சிரிப்பே முதலாவது. தூரமும் பஸ்ஸும் மொழியும் அதற்குப் பின்னரே வருகின்றன. இவற்றைக் கடந்து ஒரு கூட்டத்தைக் கண்டுபிடித்து, அங்கே போய் உட்கார்ந்து, அடுத்த வாரமும் போவது எப்படி என்பதையே இங்கு எழுதுகிறேன். முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: சிறந்த கூட்டம் எது என்று தேடி அலைய வேண்டாம். சம்பளம் எடுத்த வாரத்து ஞாயிற்றுக்கிழமையிலும், மழை கொட்டும் ஞாயிற்றுக்கிழமையிலும் உங்களால் போய்ச் சேரக்கூடிய கூட்டம் எதுவோ, அதுவே உங்களுக்குரியது.

முதலில் உடம்பு

கூட்டம் என்பது வைத்தியம் அன்று. பல ஆண்டுகளாக நாள் தவறாமல் குடித்தவர், குறிப்பாகக் காலையில் கைநடுக்கம் நிற்பதற்காகவே ஒரு கிளாஸ் குடிக்க வேண்டிய நிலைக்கு வந்துவிட்டவர், "நாளை முதல் தொடமாட்டேன்" என்று சாமி படத்துக்கு முன் சத்தியம் செய்துவிட்டுத் திடீரென்று நிறுத்துவது உயிராபத்தாக முடியலாம். கடைசியாகக் குடித்து ஆறு மணித்தியாலம் கழியும்போதே நடுக்கம், வியர்வை, வாந்தி, தூக்கமின்மை ஆகியவை தொடங்கக்கூடும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு நாட்களுக்குள் வரும். இரண்டாம், மூன்றாம் நாட்களில் சிலருக்குப் புத்தி தடுமாறி, சுவரில் பூச்சி ஊர்வதாகவும், யாரோ வெட்ட வருவதாகவும் கத்தத் தொடங்குவார்கள். நம்முடைய தோட்டங்களில் இந்தக் கட்டத்தில்தான் "பேய் பிடித்துவிட்டது" என்று சொல்லி மந்திரிக்க அழைத்துப் போகிறார்கள். அது பேயல்ல, மது திடீரென நின்றதால் மூளைக்கு ஏற்படும் கொந்தளிப்பு. உடனே 1990 இலக்கத்தை அழைத்து அம்புலன்ஸ் வரவழைக்க வேண்டிய அவசரநிலை. திருநீறு பூச வேண்டுமானால் அம்புலன்ஸ் வரும்வரை பூசிக்கொள்ளலாம்.

ஆகவே நாளாந்தம் குடிப்பவர் முதலில் வைத்தியரைப் பார்க்க வேண்டும். டிக்கோயா ஆதார வைத்தியசாலை, நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலை, பதுளை அல்லது கண்டிப் பெரியாஸ்பத்திரி ஆகியவற்றுள் எது கிட்டவோ அங்கே சென்று, எவ்வளவு குடிக்கிறீர்கள், என்ன குடிக்கிறீர்கள், கடைசியாக எப்போது குடித்தீர்கள் என்பவற்றை ஒளிக்காமல் சொல்லுங்கள். கசிப்பாக (கள்ளச்சாராயமாக) இருந்தால் கசிப்பு என்றே சொல்லுங்கள்; வைத்தியர் பொலிசார் அல்லர். கசிப்புக் குடித்தபின் கண் மங்கினால் கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்காமல் அன்றே போக வேண்டும். நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மருந்துகளையும் தயமின் விற்றமினையும் கொடுத்து, சில நாட்களில் உடம்பைத் தெளிய வைக்க வைத்தியசாலையால் முடியும். அரச வைத்தியசாலையில் இதற்குக் கட்டணமில்லை.

தன்னுடைய குடி எந்த அளவில் இருக்கிறது என்று தெரியாதவர்கள், உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய பத்துக் கேள்விகள் கொண்ட ஓடிட் வினாத்தாளை வைத்தியரிடம் கேட்டு நிரப்பிப் பார்க்கலாம். மொத்தம் 40 புள்ளிகள். 8 அல்லது அதற்கு மேல் வந்தால் குடி தீங்கு தரும் அளவை எட்டியிருக்கக்கூடும், 20 அல்லது அதற்கு மேல் வந்தால் அடிமைநிலை இருக்கக்கூடும். ஆனால் எனக்குத் தெரிந்தவரை, இந்த வழிகாட்டியை இவ்வளவு தூரம் வாசித்தவருக்கு வினாத்தாள் பெரும்பாலும் தேவைப்படாது.

என்னென்ன கூட்டங்கள் உண்டு

உலகெங்கும் பரவியிருப்பது ஏ.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது பெயர் வெளியிடாத குடிநோயாளர்களின் கூட்டமைப்பு. 1935இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து ஏக்ரன் நகரில், குடியால் நொடித்துப்போன பங்குச்சந்தைக்காரர் ஒருவரும் குடியை விட முடியாத சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரும் உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசியதிலிருந்து அது பிறந்தது. ஒருவர் இன்னொருவருக்குப் புத்தி சொல்லவில்லை. தன்னுடைய கதையைச் சொன்னார், அவ்வளவே. இன்றும் கூட்டத்தின் உள்ளடக்கம் அதுதான். சேருவதற்குக் கட்டணமில்லை, பதிவேடு இல்லை, அடையாள அட்டை கேட்க மாட்டார்கள். குடியை விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே உறுப்புரிமைக்கான நிபந்தனை. இதனால் உண்மையில் பயன் உண்டா என்று கேட்பவர்களுக்கு ஒரு விடயம் சொல்லலாம்: மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட மீளாய்வு, 10,565 பேர் பங்கேற்ற 27 ஆய்வுகளை ஒன்றாக எடைபோட்டு, முற்றாகக் குடியை நிறுத்தியிருப்பதில் ஏ.ஏ.யும் மீட்சிக்கான அதன் பன்னிரண்டு படிகளை முறையாக அறிமுகப்படுத்தும் சிகிச்சையும் ஏனைய நன்கறியப்பட்ட உளச்சிகிச்சைகளுக்குச் சமமாகவோ மேலாகவோ பலன் தருவதாகக் கண்டது.

ஏ.ஏ. தவிர, வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவை ஒட்டி நடக்கும் குழு அமர்வுகளும், ஆலயங்களையும் சபைகளையும் ஒட்டிய ஜெபக் குழுக்களும், மறுவாழ்வு நிலையங்களிலிருந்து வெளியே வந்தவர்களுக்கான தொடர்கூட்டங்களும் உண்டு. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை கண்டியிலும் ஒரு சிகிச்சை நிலையத்தை நடத்துகிறது. இவற்றுள் எது உயர்ந்தது என்ற விவாதத்தை வேலையற்றவர்களுக்கு விட்டுவிடலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: உங்களிடம் பணம் கேட்கும் கூட்டம், "மருந்தை நிறுத்து, விசுவாசம் போதும்" என்று சொல்லும் கூட்டம், வீட்டாருக்குத் தெரியாமல் குடிப்பவருடைய சோற்றில் கலக்கச் சொல்லிப் பொடி விற்கும் கூட்டம் ஆகிய மூன்றிலிருந்தும் விலகியிருங்கள். அத்தகைய பொடியில் இருக்கக்கூடிய, மதுவுடன் ஒத்துக்கொள்ளாத டைசல்பிராம் என்ற மருந்தை எடுத்த ஒருவர், அதை எடுத்ததை அறியாமல் மதுவைக் குடித்தால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

யாரிடம் கேட்பது

தொலைபேசியிலிருந்து தொடங்குவதே நல்லது, ஏனென்றால் தொலைபேசிக்கு முகம் தெரியாது. 1927 என்பது மேற்சொன்ன கட்டுப்பாட்டுச் சபையின் ஆலோசனை இலக்கம். 1926 தேசிய உளநல உதவி இலக்கம். 1333 மனநெருக்கடியில் இருப்பவர்கள் கட்டணமின்றிப் பேசக்கூடிய இலக்கம். அழைத்தவுடன் சிங்களத்தில் குரல் வந்தால் வைத்துவிடாதீர்கள். "தமிழில் பேச ஆள் வேண்டும்" என்று நிதானமாகக் கேளுங்கள். 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி என்பதால், அது சலுகை கேட்பதாகாது.

அடுத்து நேரில் கேட்க வேண்டியவர்கள். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை அதிகாரியும் சமூக சேவை உத்தியோகத்தரும் இருப்பார்கள். வைத்தியசாலையின் உளநலக் கிளினிக்கில் வைத்தியரைவிடத் தாதிமாருக்கே எந்தக் கூட்டம் இன்னும் நடக்கிறது, எது நின்றுபோனது என்பது நன்றாகத் தெரிந்திருக்கும். நீங்கள் எந்தச் சமயத்தவராக இருந்தாலும் டவுனிலுள்ள தேவாலயத்தில் விசாரிக்கத் தயங்க வேண்டாம், ஏ.ஏ. கூட்டங்கள் உலகெங்கும் பெரும்பாலும் தேவாலய மண்டபங்களில் நடப்பது வாடகை குறைவு என்பதனாலேயே, மதமாற்றத்துக்காக அல்ல. தோட்ட டிஸ்பென்சரியிலும் கேட்கலாம், ஆனால் அங்கே வரிசையில் நிற்பவர்கள் உங்களுடைய அயலவர்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

இவர்கள் எல்லாரையும்விட மேலான தகவலாளர் ஒருவர் இருக்கிறார். உங்களுடைய டிவிஷனிலோ பக்கத்துத் தோட்டத்திலோ, முன்பு மோசமாகக் குடித்து, இப்போது சில வருடங்களாகத் தொடாமல் இருக்கும் ஒரு அண்ணனோ மாமாவோ கட்டாயம் இருப்பார். எல்லாருக்கும் அவரைத் தெரியும், அவர் எப்படி விட்டார் என்று மட்டும் எவரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவரைத் தனியாகச் சந்தித்து, "அண்ணன், நீங்க எப்படி விட்டீங்க?" என்று கேளுங்கள். நான் அப்படிக் கேட்டபோது, எனக்கு முன்னால் அந்தக் கேள்வியைக் கேட்க எவராவது வரமாட்டார்களா என்று ஏழு வருடங்களாகக் காத்திருந்தவரைப் போல அவர் பேசினார்.

போவதற்கு முன் கேட்க வேண்டியவை

கூட்டத்தின் தொடர்பாளருடைய இலக்கம் கிடைத்ததும், முகவரியை எழுதிக்கொண்டு வைத்துவிடாதீர்கள். முதலாவது கேள்வி: "போன கிழமை கூட்டம் நடந்ததா, எத்தனை பேர் வந்தார்கள்?" தாளில் இருக்கும் கூட்டத்துக்கும் மண்டபத்தில் நடக்கும் கூட்டத்துக்கும் இடையில் பல நேரங்களில் ஒரு வருட வித்தியாசம் இருக்கும், இரண்டு பஸ் மாறிப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிய ஒருவர் மறுபடி வருவது அரிது. இரண்டாவது, எந்த மொழியில் பேசுவார்கள் என்பது. சிங்களத்தில் நடக்கும் கூட்டமானாலும், கடைத்தெருச் சிங்களம் தெரிந்தவருக்குப் பாதிக்குமேல் புரியும். மனைவி நகையை அடகு வைத்த கதை எந்த மொழியிலும் ஒரே கதைதான். ஆனால் உங்கள் முறை வரும்போது தமிழில் பேசலாமா என்று முன்பே கேட்டு வைப்பது நல்லது. மூன்றாவது, அது திறந்த கூட்டமா, மூடிய கூட்டமா என்பது. திறந்த கூட்டத்திற்கு மனைவியோ நண்பரோ உடன் வரலாம். மூடிய கூட்டம் குடிப்பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டுமே உரியது. கடைசியாக, எந்த வாசலால் உள்ளே வர வேண்டும், வாசலில் யாராவது நிற்பார்களா என்றும் கேளுங்கள். இதைச் சிறிய விடயமாக எண்ண வேண்டாம். நான் முதல்முறை போனபோது மண்டபத்துக்கு எதிரே இருந்த தேநீர்க் கடையில் மூன்று பிளேன்டீ குடித்துவிட்டு, எந்தக் கதவு என்று தெரியாத சாக்கில் வீடு திரும்பினேன்.

பாதையும் நேரமும்

மலைநாட்டில் கூட்டம் எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்பதைவிட, முடிந்தபின் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதே முக்கியம். டவுனிலிருந்து தோட்டத்துக்குள் போகும் பஸ்கள் மாலையில் சீக்கிரமே நின்றுவிடும். பனிமூட்டம் இறங்கினால் ஓட்டோக்காரரும் இரட்டிப்புக் கூலி கேட்பார். ஆகவே பொகவந்தலாவையிலோ மஸ்கெலியாவிலோ உள்ளே இருக்கும் ஒருவருக்கு, ஹட்டனில் பகல் நேரத்தில் நடக்கும் சாதாரணக் கூட்டம், கண்டியில் மாலையில் நடக்கும் அருமையான கூட்டத்தைவிடப் பல மடங்கு மேலானது. அப்புத்தளை, பண்டாரவளை, நானுஓயா, ஹட்டன் ஆகியவை ஒரே ரயில் பாதையில் இருப்பதால் ரயில் நேரத்தையும் பார்த்து வையுங்கள். போகவர ஆகும் செலவை முதல் நான்கு வாரத்துக்கும் கணக்கிட்டு, சம்பளம் கையில் வந்த அன்றே தனியாக எடுத்து மனைவியிடமோ அம்மாவிடமோ கொடுத்துவிடுவது நல்லது.

டவுனில் இறங்கியதும் எந்தப் பக்கமாக நடப்பது என்பதையும் வீட்டிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். பஸ் நிலையத்துக்கும் மண்டபத்துக்கும் இடையில் பார் இருந்தால், பத்து நிமிடம் கூடுதலாக ஆனாலும் சுற்றுவழியில் போங்கள். போயா தினத்தில் பார் மூடியிருக்கும் என்று ஆறுதலடைய வேண்டாம், கசிப்புக்குப் போயா இல்லை.

எங்கே போகிறாய் என்று கேட்பவர்களுக்கு என்ன சொல்வது? "கிளினிக் போறேன்" என்பது போதும். அது பொய்யுமல்ல.

முதல் நாள் உள்ளே

பத்து நிமிடம் முந்திப் போய், வாசலில் நிற்பவரிடம் "நான் புதிது" என்று சொன்னால் போதும். மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். குடித்திருந்தால்கூட வரலாம், ஆனால் அன்று பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கச் சொல்வார்கள். கூட்டம் வழக்கமாக ஒரு மணித்தியாலம் முதல் ஒன்றரை மணித்தியாலம்வரை நடக்கும். தலைமை தாங்குபவர் ஏ.ஏ. என்றால் என்ன என்று ஒரு சிறு அறிமுகம் வாசிப்பார். பிறகு ஒவ்வொருவராகத் தம் பெயரின் முதற்பகுதியை மட்டும் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கிப் பேசுவார்கள். ஊரோ, தோட்டமோ, சாதியோ, சங்கமோ சொல்ல வேண்டியதில்லை. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிட மாட்டார், பேசி முடிந்தபின் அறிவுரையும் சொல்ல மாட்டார். நம்முடைய ஊர்ப் பஞ்சாயத்துக்குப் பழகியவர்களுக்கு முதலில் இது விசித்திரமாக இருக்கும். எவரும் தீர்ப்புச் சொல்லாத ஒரு கூட்டத்தில் உட்கார்ந்த அனுபவம் நம்மில் பலருக்கு இல்லை.

உங்கள் முறை வந்தால் பெயரைச் சொல்லி, "இன்று கேட்க மட்டும் வந்தேன்" என்று சொல்லலாம். இடையில் ஒரு பையோ தட்டோ சுற்றிவரும். அது மண்டப வாடகைக்கும் தேநீருக்கும் உரியது. புதியவர் எதுவும் போட வேண்டியதில்லை. கடவுள் என்ற சொல் காதில் விழும். ஏ.ஏ.யின் மூன்றாவது படி "நாம் புரிந்துகொண்டபடியான கடவுள்" என்றே கூறுவதால், முருகனையும் மாரியம்மனையும் மாதாவையும் அல்லாஹ்வையும் கும்பிடுபவர்களும் எதையும் கும்பிடாதவர்களும் ஒரே வாங்கில் உட்காரலாம். முடிவில் ஒரு பிரார்த்தனை சொல்வார்கள். தெரியாவிட்டால் சும்மா நிற்கலாம். இங்கே பார்த்தவரும் கேட்டதும் இங்கேயே இருக்கட்டும் என்பது கூட்டத்தின் விதி. உங்களுக்குத் தெரிந்த ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தால் பதறாதீர்கள், அவரும் உங்களைப் போலவே அதே காரணத்துக்காகத்தான் வந்திருக்கிறார்.

கூட்டம் முடிந்ததும் ஓடிவிடாமல் தேநீருக்கு நில்லுங்கள். உண்மையான பேச்சு அங்கேதான் நடக்கும். புறப்படும்போது இருவருடைய தொலைபேசி இலக்கமாவது கையில் இருக்க வேண்டும். ஒரு கூட்டத்தை வைத்து முடிவு கட்டாமல், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் நான்கு முறை போய்ப் பார்க்க வேண்டும் என்பது என்னுடைய கணக்கு.

தொடர்ந்து போவது

அமெரிக்காவில் புதியவர்களுக்கு 90 நாளில் 90 கூட்டம் என்று சொல்வதுண்டு. தெருவுக்கொரு கூட்டம் இருக்கும் நகரத்தில் அது நல்ல யோசனை; கிழமைக்கு ஒரு கூட்டமும் இரண்டு பஸ்ஸும் உள்ள நமக்கு அது பகற்கனவு. நமக்குப் பொருந்துவது கிழமைக்கு ஒரு கூட்டமும் நாளுக்கு ஒரு அழைப்பும். ஸ்பொன்சர் என்று சொல்லப்படும், புதியவருக்குத் துணைநிற்கும் மூத்த உறுப்பினர் ஒருவரைக் கேட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆணுக்கு ஆணும் பெண்ணுக்குப் பெண்ணும் என்பது அங்கே வழக்கம். தினமும் வேலை முடிந்து முகம் கழுவியதும் அவரை அழைத்து இரண்டு நிமிடம் பேசுங்கள், ஏனென்றால் பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கும் ஒன்றாக வந்து சேரும் நேரம் அது. கொழுந்துக்காலத்தில் மலையிலிருந்து இறங்கிவரும் எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

பஞ்சாங்கத்தை எடுத்து ஆபத்தான நாட்களை முன்பே குறித்து வையுங்கள். சம்பள நாள், தீபாவளி முற்பணம் கொடுக்கும் நாள், தோட்டத்துத் திருவிழா, கல்யாணம், கருமாதி. இவற்றுள் சாவு வீடே மிகக் கடினம், ஏனென்றால் அங்கே மறுப்பது மரியாதைக் குறைவாகத் தோன்றும். இரவு முழுக்கக் கண்விழிக்க வேண்டிய இடத்துக்குத் தனியாகப் போகாமல், குடிக்காத ஒருவருடன் போய், உடலுக்கு மரியாதை செலுத்தியதும் திரும்பிவிடுங்கள். "டொக்டர் மருந்து தந்திருக்கிறார், குடித்தால் ஒத்துக்கொள்ளாது" என்ற ஒரு வாக்கியத்தைத் தயாராக வைத்திருங்கள், கட்டாயப்படுத்துபவர்களை அது வாயடைக்கும்.

மறுபடி குடித்துவிட்டால்? அடுத்த ஞாயிறும் அதே பஸ்ஸில் ஏறுங்கள். கூட்டத்தில் எவரும் சிரிக்க மாட்டார்கள், அங்குள்ளவர்களில் பலர் அப்படித் திரும்பி வந்தவர்களே. ஆனால் பல நாட்கள் தொடர்ந்து குடித்திருந்தால், முதலில் சொன்ன வைத்தியர் படியிலிருந்தே மறுபடி தொடங்க வேண்டும்.

வீட்டுப் பெண்களுக்கு

குடிப்பவர் போக மறுத்தாலும் வீட்டார் தமக்காக உதவி தேடலாம். குடிநோயாளர்களின் குடும்பத்தினருக்கென்றே 1951இல் அல்-அனொன் என்ற தனி அமைப்பு உருவானது. நம் பகுதியில் அத்தகைய குழு கைக்கெட்டாவிட்டால், பிரதேச செயலக உளவளத்துணை அதிகாரியைச் சந்திப்பதே அதற்குரிய முதற்படி. அடி உதை இருக்கும் வீட்டில், கணவர் திருந்தும்வரை பொறுத்திருக்க வேண்டிய கட்டாயம் எந்தப் பெண்ணுக்கும் இல்லை. 1938 பெண்களுக்கான உதவி இலக்கம். தாமே குடிக்கும் பெண்களும் தோட்டங்களில் உண்டு, அவர்களுடைய வெட்கம் ஆண்களுடையதைவிட இரட்டிப்பானது. அவர்கள் கூட்டத்தின் தொடர்பாளரை அழைக்கும்போது, பெண் உறுப்பினர் எவரும் வருகிறாரா என்று கேட்டு, இருந்தால் அவருடைய இலக்கத்தை வாங்கி முதலில் பேசிவிட்டுப் போகலாம்.

அருகில் கூட்டமே இல்லையென்றால்

ஸூம் வழியாகத் தமிழ்நாட்டிலிருந்து நடக்கும் தமிழ்க் கூட்டங்கள் உண்டு. இந்தியாவுக்கும் நமக்கும் நேர வித்தியாசம் இல்லாததால் அறிவித்த நேரத்துக்கே சேரலாம். கமெராவை அணைத்து வைக்கலாம், பெயரை மாற்றிக்கொள்ளலாம். லயத்துக்குள்ளே பேசுவது முடியாத காரியம் என்பதால், சிக்னல் கிடைக்கும் மேட்டுக்குப் போய் ஹெட்போன் போட்டு உட்காருங்கள். காதலிக்கும் பையன்களுக்கு அந்த மேடு எங்கே என்று நன்றாகத் தெரியும்.

ஆனாலும் முகம் பார்த்துப் பேசும் கூட்டத்துக்கு இது ஈடாகாது. குடியை விடும் நோக்கத்துடன் இரண்டு மூன்று குடிநோயாளர்கள் கூடினாலே, வேறெந்தச் சார்பும் இல்லாதவரை, அது ஒரு ஏ.ஏ. குழு என்று மரபுகள் என்று அந்த அமைப்பு அழைக்கும் தன் கொள்கைகளுள் மூன்றாவது கூறுகிறது. ஆகவே உங்களுக்குத் தேவை முன்பு சொன்ன அந்த அண்ணனும் ஒரு இடமும் மட்டுமே. இடத்தைத் தெரிவதில் கவனம் வேண்டும். தொழிற்சங்க அலுவலகம் வேண்டாம், மற்றச் சங்கத்துக்காரர் வரமாட்டார். எவருடைய வீடும் வேண்டாம். முன்பள்ளிக் கட்டடமோ, டவுன் தேவாலய மண்டபமோ, பாடசாலை வகுப்பறையோ பொருத்தம். பொறுப்பானவரிடம் அனுமதி பெற்று, மின்சாரத்துக்கும் தண்ணீருக்குமாகச் சிறு தொகையாவது கொடுங்கள். நேரத்தை ஞாயிறு காலை பத்து மணி என்பது போலப் பஸ்ஸுக்கு ஏற்ப வைத்து, பிறகு மாற்றாதீர்கள். ஏ.ஏ.யின் நூல்கள் தமிழில் உண்டு. தமிழ்நாட்டுக் கூட்டங்களில் கேட்டால் எப்படிப் பெறுவது என்று சொல்வார்கள். வைத்தியசாலை உளநலக் கிளினிக்குக்கும் பிரதேச செயலகத்துக்கும் நாளையும் நேரத்தையும் ஒரு தொலைபேசி இலக்கத்தையும் எழுதிக் கொடுத்து வையுங்கள்.

முதல் ஞாயிறு நான்கு பேர் வருவார்கள், இரண்டாம் ஞாயிறு நீங்களும் அந்த அண்ணனும் மட்டுமே இருப்பீர்கள், மூன்றாம் ஞாயிறு அவருக்கும் காய்ச்சலாக இருக்கலாம். அன்றும் சொன்ன நேரத்துக்குக் கதவைத் திறந்து, கேத்தலை அடுப்பில் வைத்து, ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டே பூட்டுங்கள். எதிரே உள்ள தேநீர்க் கடையில் எவராவது மூன்றாவது பிளேன்டீயைக் குடித்துக்கொண்டு, கதவு திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கக்கூடும்.